மரப்பலகையிலும் கேன்வாஸிலும் கையாலே போட்டோ இறக்குவது எப்படி?

ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஒரு நகல், ஒரு டப்பா ஜெல் மீடியம் என்னும் அக்ரிலிக் பசை, ஒரு பலகை, கொஞ்சம் தண்ணீர். போட்டோ டிரான்ஸ்ஃபருக்கு அடிப்படையாக வேண்டியது இவ்வளவுதான். மெஷின் எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு நாள் பிடிக்கும், அதில் பெரும்பகுதி காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம். அவசரமாகப் பிறந்தநாள் பரிசு கொடுக்க வேண்டியவர்கள் யுவி பிரிண்ட் போடும் கடைக்குப் போவதுதான் நல்லது. அங்கே மரத்தின் மேல் பளிச்சென்று அடித்துத் தந்துவிடுவார்கள். கையால் இறக்கிய படம் அப்படி இருக்காது. மரத்தின் ரேகை முகத்தின் ஊடாகத் தெரியும். ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கும். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மரத்தின் நிறம் இருக்கும். இந்தத் தோற்றம் பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

படம் எப்படி இடம் மாறுகிறது

லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் திரவ மை கிடையாது. இருப்பது டோனர் என்னும் நுண்ணிய பொடி. நிறமியும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கறுப்பு டோனரில் அந்த நிறமி பெரும்பாலும் கரிதான். மெஷின் இந்தப் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளின் மேல் ஒட்டவைக்கிறது. அதனால் படம் தாளுக்குள் ஊறிப்போகாமல், மேலாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலமாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் கரையாது. அதன்மேல் அக்ரிலிக் பசை பட்டுக் காய்ந்தால் டோனர் பசையோடு போய்விடும். அப்புறம் தாளை நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டால் பசையில் படம் மட்டும் மிஞ்சும். ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. தாளை எடுப்பதில்தான் பொறுமை தேவை.

ஜெராக்ஸின் பிறப்பே ஒரு டிரான்ஸ்ஃபர்தான் என்பது கூடுதல் செய்தி. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் பொடியால் எழுத்துகளை உருவாக்கி, மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்தித்தான் அந்த எழுத்துகளை இறக்கினார்.

வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரும் டேங்க் பிரிண்டரும் இந்த முறைக்கு ஆகாது. அவற்றின் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, பசையின் ஈரம் பட்டதுமே கலையத் தொடங்கும். கையில் இருக்கும் பிரிண்ட் எந்த வகை என்று தெரியவில்லையா? ஓரத்தில் ஈர விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் விரலில் வந்தால் அது வேண்டாம்.

எந்தப் படம் ஏறும்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஆல்பத்தில் இருக்கும் ஒரிஜினல் போட்டோவை எடுத்துப் பசையில் கவிழ்த்துவிடாதீர்கள். ஸ்டுடியோவில் கழுவிய படத்தில் டோனர் இல்லை. அது இறங்கவும் இறங்காது, படமும் பாழாகும். ஸ்கேன் செய்து நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைக்கிற மாதிரி ஸ்கேன் செய்தால் போதும். 2 அங்குல அகலமுள்ள பழைய படத்தை 8 அங்குலமாகப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 2400 புள்ளிகள் கிடைக்கும், 8 அங்குலத்துக்குச் சரியாகப் போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேர்மேலே பிடித்து எடுக்கலாம். கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான். படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்க முயலாமல் அப்படியே போனில் படம் எடுங்கள்.

ஒன்றிரண்டு முகங்கள் பெரிதாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம்தான் முதல் முயற்சிக்கு உகந்தது. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று தெளிவாகப் பிரிந்திருந்தால் இன்னும் நல்லது. கல்யாண மண்டப மேடையில் நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவை ஏ4 அளவில் மரத்தில் இறக்கினால், யார் யார் என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. கலர் படம் இறக்கலாம்தான். ஆனால் மரத்தின் பழுப்பு எல்லா நிறங்களோடும் கலந்து முகங்களைக் கொஞ்சம் மங்கலாகவும் மஞ்சளாகவும் காட்டும். கலர்தான் வேண்டும் என்றால் கேன்வாஸுக்குப் போவது புத்திசாலித்தனம்.

போட்டோவைவிட நன்றாக ஏறுவது கையெழுத்து. பாட்டி இன்லேண்ட் லெட்டரில் எழுதிய நாலு வரி, அம்மாவின் சமையல் குறிப்பு, அப்பாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். இவற்றில் நடுத்தரச் சாம்பல் நிறங்கள் கிடையாது, கறுப்புக் கோடுகள் மட்டும்தான். டோனர் அந்தக் கோடுகளில் அடர்த்தியாக உட்காரும். மரத்தில் நேராக எழுதினது மாதிரியே வரும்.

படத்தை போனிலேயே திருத்திக்கொள்ளலாம், ஸ்னாப்சீட் போன்ற ஒரு செயலி போதும். கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, நிழல் பகுதிகளை நன்றாக வெளுப்பாக்குங்கள். திரையில் கொஞ்சம் அதிகமாகவே வெளுத்துத் தெரிய வேண்டும். டோனரில் வெள்ளை நிறமே இல்லை. தாளில் வெள்ளையாகத் தெரிவது தாளின் வெள்ளை. அது மரத்தில் வராது, எனவே படம் முழுவதும் ஒரு படி இருண்டுதான் இறங்கும்.

கடைசியாக, படத்தை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும். எழுத்து இருந்தால் எல்லாரும் திருப்பிவிடுவார்கள், முகம் மட்டும் இருக்கும் படத்தில்தான் மறந்துபோகும். புடவை முந்தானை வலது தோளுக்கும், சட்டைப் பாக்கெட் வலது மார்புக்கும் போய்விட்டால் வீட்டில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஜெராக்ஸ் கடையில் கேட்க வேண்டியவை

போட்டோ என்றதும் கடைக்காரர் நல்ல எண்ணத்தோடு வழவழப்பான போட்டோ பேப்பரையோ 300 ஜிஎஸ்எம் அட்டையையோ எடுப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நமக்கு வேண்டியது சாதாரண ஏ4 தாள், 70 முதல் 80 ஜிஎஸ்எம் வரை. தாள் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகத் தேய்ந்து வரும்.

"லேசர் பிரிண்ட்தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சில கடைகளில் கலர் பிரிண்டுக்கு மட்டும் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும். தாளுக்கு ஏற்றபடி அளவு மாற்றாமல் நூறு சதவீத அளவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். டோனர் அடர்த்தியைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டச் சொல்லலாம். ஒரே படத்தில் மூன்று நகலாவது எடுத்து வாருங்கள். கறுப்பு வெள்ளை நகலுக்குச் சில ரூபாய்தான் ஆகும், ஒன்று கிழிந்தால் மறுபடி கடைக்கு ஓட வேண்டியதில்லை.

பலகை

வெளிர் நிறம், நெருக்கமான ரேகை, பாலிஷ் போடாத மேற்பரப்பு. இந்த மூன்றும் இருந்தால் எந்த மரமும் சரிதான். ரப்பர் மரம், பைன், வெளிர் முகம் கொண்ட பிளைவுட் எல்லாம் நன்றாக வேலை செய்யும். இறக்குமதிச் சாமான்கள் வரும் பேக்கிங் பெட்டிகள் பெரும்பாலும் பைன் மரம். பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆணியைப் பிடுங்கி இழைத்தால் அருமையான பலகை. மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். ஏறும், ஆனால் மரத்தில் இறக்கியது போலவே இருக்காது. தண்ணீர் ஊறினால் உப்பவும் செய்யும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, நிறமும் அடர்த்தி. ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள்.

அடர்நிற மரம்தான் கையில் இருக்கிறது என்றால் அதன்மேல் வெள்ளைத் தளம் போட வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகைப் படம் என்பார்கள். பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சாக்பீஸ் போன்ற சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் அவர்கள் படம் வரையத் தொடங்குவார்கள். நாம் அத்தனை தூரம் போக வேண்டாம். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோவை இரண்டு கை பூசிக் காயவிட்டால் போதும். மரரேகை மறைந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

உப்புத்தாள் 120 எண்ணில் தொடங்கி 220 எண்ணில் முடியுங்கள். ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் வரும் கீறல்கள் டோனருக்கு அடியில் தெரியும். பிறகு தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசி மிஞ்சினால் பசை மரத்தைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பசை

அக்ரிலிக் ஜெல் மீடியம் என்று கேட்டால் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஈரமாக இருக்கும்போது பால் போல வெண்மையாகவும் காய்ந்ததும் கண்ணாடி போலவும் ஆகும். மேட் (மினுமினுப்பு இல்லாதது), கிளாஸ் (மினுமினுப்பானது) இரண்டில் எதுவானாலும் சரி, மரத்துக்கு எனக்கு மேட் பிடிக்கும். மாட் பாட்ஜ் என்னும் பிராண்டில் போட்டோ டிரான்ஸ்ஃபருக்கென்றே ஒரு மீடியம் கிடைக்கிறது. அது காய்ந்த பிறகும் வெண்மையாகவே நிற்கும், அடர்நிறப் பரப்புக்கு உதவும். மரரேகை தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.

"ஃபெவிகாலே போதாதா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஒட்டுவதற்குப் போதும். பிரச்சினை அடுத்த கட்டத்தில் வரும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். நாம் தேய்ப்பதே தண்ணீரில்தான். தாளோடு படமும் கையோடு வந்துவிடும்.

இவை தவிர ஒரு தட்டைத் தூரிகை, காலாவதியான ஏடிஎம் கார்டு, ஸ்பாஞ்ச், பழைய துணி, கத்தரிக்கோல். சின்ன ரப்பர் ரோலர் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் உள்ளங்கை போதும்.

ஒட்டுவது

1. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அந்த இடத்திலும் பசை பிடித்து, படத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும்.

2. பலகையில் தாள் உட்கார வேண்டிய இடத்தைப் பென்சிலால் மூலைகளில் மட்டும் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மீடியத்தை மெல்லிசாக ஒரு கை பூசிக் காயவிடுங்கள். மரம் குடிக்க வேண்டியதை இந்தப் பூச்சிலேயே குடித்துவிடும். இதைத் தவிர்த்தால் அடுத்த பூச்சை மரம் அங்கங்கே உறிஞ்சி, அந்த இடங்களில் தாள் ஒட்டாமல் போகும்.

4. இப்போது இரண்டாவது பூச்சு, தாராளமாக. மரரேகை வெண்மைக்குள் மங்கலாகத் தெரியும் அளவு தடிமன் சரி. ரேகை பளிச்சென்று தெரிந்தால் போதவில்லை, சுத்தமாகத் தெரியாவிட்டால் அதிகம். ஓரங்களில்தான் முதலில் காயும், அங்கே கூடுதல் கவனம். கோடை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் இதைச் செய்தால் தாளை எடுத்து வருவதற்குள் காய்ந்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

5. தாளைப் படம் கீழே இருக்கும்படி இரண்டு கையாலும் பிடித்து, நடுப்பகுதி முதலில் படும்படி வளைத்து, மெதுவாக இருபுறமும் இறக்குங்கள். இறக்கிய பிறகு நகர்த்தக் கூடாது. கொஞ்சம் கோணலாகிவிட்டால் கோணலாகவே இருக்கட்டும், நகர்த்தினால் டோனர் இழுபட்டுவிடும்.

6. நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் அல்லது ரோலரால் அழுத்துங்கள். அப்புறம் ஏடிஎம் கார்டைச் சாய்வாகப் பிடித்து, அடியில் சிக்கிய காற்றையும் மிகுதிப் பசையையும் வெளியே தள்ளுங்கள். ஓரத்தில் பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அது தாளின் முதுகில் பட்டுக் காய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்காது, தாள் தேய்ந்து வராது.

7. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குமிழ் இருந்தால் மேடாகத் தெரியும். ஒரு குமிழ் இருந்தாலும் அந்த இடத்தில் படம் இருக்காது, கண்ணுக்கும் வாய்க்கும் நேராக இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்த்து அழுத்துங்கள். சில நிமிடங்கள் கழிந்த பிறகு தொடவே கூடாது.

இனி ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை ஊர்களில் 24 மணி நேரமும் போதாது, இன்னொரு இரவும் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையரால் அவசரப்படுத்தினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், சூட்டில் குமிழும் எழும். தாளைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா? இன்னும் ஈரம் போகவில்லை என்று பொருள்.

தேய்ப்பது

ஸ்பாஞ்சைத் தண்ணீரில் பிழிந்து தாளின் முதுகில் ஒற்றுங்கள். தாள் முழுக்க நனைய வேண்டும், பலகை ஊறக் கூடாது. பிளைவுட்டை வாளிக்குள் முக்குவது, குழாயடியில் பிடிப்பது எல்லாம் வேண்டாம். அடுக்குகள் பிரியும், பலகை வளையும். இரண்டு மூன்று நிமிடத்தில் தாள் ஊறி, பின்பக்கமாகப் படம் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். மஞ்சள் பூசிக் குளிக்கும்போது அழுக்கு திரண்டு வருவது போலத் தாள் சின்ன உருளைகளாகத் திரண்டு வரும். அவற்றை ஸ்பாஞ்சால் துடைத்தெடுத்துவிட்டுத் தொடருங்கள்.

விரலின் சதைப்பகுதிதான் கருவி. நகம் படக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் தொடாதீர்கள். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிப் போங்கள். ஓரத்தில் வெளிநோக்கியே தேயுங்கள், உள்நோக்கித் தேய்த்தால் படலத்தின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டாம். கறுப்பான பகுதிகளில் தாள் சீக்கிரம் வந்துவிடும், வெளுப்பான பகுதிகளில் பசை தாளின் நாருக்குள்ளேயே புகுந்திருப்பதால் அடம்பிடிக்கும். அங்கே ஆத்திரப்பட்டால் பக்கத்தில் இருக்கும் மூக்கும் சேர்ந்து போகும்.

முதல் சுற்று முடிந்ததும் படம் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்தது என்றே தோன்றும். அரை மணி நேரம் காயவிட்டுப் பாருங்கள், முழுக்க வெண்புகை படர்ந்தது போல ஆகியிருக்கும். கெட்டுப்போகவில்லை. மிச்சமிருக்கும் தாள் நார்கள் ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால் வெளுக்கும், அவ்வளவுதான். மறுபடி லேசாக நனைத்து, இன்னொரு சுற்று. மறுபடி காயவிட்டு, தேவைப்பட்டால் மூன்றாவது சுற்று. ஒரே அமர்வில் முடிக்க நினைப்பதுதான் புதியவர்களின் படங்கள் கிழிவதற்கு முக்கியக் காரணம். ஈரத்திலேயே நீண்ட நேரம் இருந்தால் அக்ரிலிக் படலம் இளகிப் பால் நிறமாகும். அதைக் கண்டால் உடனே நிறுத்திக் காயவிடுங்கள், திரும்பத் தெளிந்துவிடும்.

மூன்று சுற்றுக்குப் பிறகும் மெல்லிய வெண்மை மிஞ்சத்தான் செய்யும். அதை விட்டுவிடுங்கள். மேல்பூச்சு அந்த நார்களுக்குள் இறங்கியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். எவ்வளவு மறையும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரத்தில் எப்படித் தெரிகிறதோ, வார்னிஷுக்குப் பிறகும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

படம் அங்கங்கே பெயர்ந்திருந்தால்? பின்னணியிலோ தலைமுடியிலோ என்றால் ஒன்றும் செய்யாதீர்கள், மரம் தெரிவது அழகாகவே இருக்கும். கண்ணில் பெயர்ந்திருந்தால் மெல்லிய தூரிகையில் தண்ணீர் கலந்த கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தொட்டுப் புள்ளி புள்ளியாக நிரப்பலாம். பாதி முகம் போய்விட்டது என்றால் உப்புத்தாளை எடுத்து முழுக்கத் தேய்த்துவிட்டு அதே பலகையில் மறுபடி தொடங்குவதுதான் வழி. மூன்று நகல் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

மேல்பூச்சு

நன்றாகக் காய்ந்த பிறகு அதே மீடியத்தில் மெல்லிய பூச்சு ஒன்று. அது காய்ந்ததும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை. ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள்.

வீட்டில் தச்சு வேலை நடக்கிறது, அப்படியே இதற்கும் ஒரு பாலிஷ் போட்டுத் தரச் சொல்லலாம் என்று தோன்றும். தோன்றினாலும் கொடுக்காதீர்கள். அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்தது, லாக்கர் தின்னரில் கரைத்தது. ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கும், தின்னர் டோனரையே கரைக்கும். பஞ்சால் இரண்டு இழுப்பு இழுத்தால் தாத்தாவின் மீசை கன்னம் வரை வந்துவிடும்.

கேன்வாஸ்

மேலே சொன்ன எல்லாமே கேன்வாஸுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கடையில் வாங்கும் ஓவிய கேன்வாஸில் ஜெஸ்ஸோ ஏற்கனவே பூசியிருக்கும். பின்னணி வெள்ளை என்பதால் போட்டோவின் வெளிச்சப் பகுதிகள் வெளிச்சமாகவே வரும், கலரும் நிறம் மாறாது. அதனால் படத்தை மரத்துக்கு வெளுப்பாக்கிய அளவு இங்கே வெளுப்பாக்க வேண்டாம். நெசவு நெருக்கமான கேன்வாஸாகப் பார்த்து வாங்குங்கள். முரட்டு நெசவில் மேட்டில் மட்டும் டோனர் ஒட்டி, பள்ளத்தில் ஒட்டாமல் முகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழும். நெசவு கொஞ்சம் முரடாக இருந்தால் இன்னொரு கை ஜெஸ்ஸோ பூசி, காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸில் இன்னொரு சிக்கல் உண்டு. அழுத்தினால் துணி உள்ளே போகும், சட்டத்தின் விளிம்பு படத்தில் கோடாகப் பதியும். பின்னால் சட்டத்துக்குள் சரியாக உட்காரும் தடிமனில் புத்தகங்களையோ பலகைத் துண்டையோ பாலிதீன் பையில் சுற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒட்டும்போதும் தேய்க்கும்போதும் அது அடியில் இருக்க வேண்டும். காய வைக்கும்போது எடுத்துவிடலாம். முதன்முறை கேன்வாஸ் தொடுபவர்கள் அட்டையில் ஒட்டிய கேன்வாஸ் போர்டை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அதைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு துணி தொய்ந்திருந்தால் பின்பக்கத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். பருத்தித் துணி காயும்போது இறுகும்.

படலமாக உரித்து ஒட்டும் முறை

நேரடி முறை கைவந்த பிறகு இதை முயலலாம். பானை, விளக்கு மூடி போன்ற வளைந்த பரப்புகளுக்கு இதுதான் சரி. பிரிண்டின் படம் உள்ள பக்கத்தில் மீடியத்தை நான்கு முதல் ஆறு கை பூச வேண்டும். ஒரு பூச்சு நெடுக்காக, அடுத்தது குறுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முழுக்கக் காய்ந்ததும் தட்டில் தண்ணீர் விட்டு அதில் 10, 15 நிமிடம் ஊறவைத்து, முதுகிலிருந்து தாளைத் தேய்த்து எடுத்தால் படம் ஒரு ஒளிபுகும் தோலாகக் கையில் வரும். அதைப் பரப்பில் மீடியம் பூசி ஒட்டிவிடலாம். தாள் இருந்த பக்கம் கீழே போகும்படி ஒட்டுவதால் இந்த முறையில் படத்தைத் திருப்ப வேண்டியதில்லை. தோல் இழுத்தால் நீளும் என்பதால் இழுக்காமல் பரப்புங்கள். காய்ந்த தோல்களை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ஒட்டிக்கொள்ளும், இடையில் வெண்ணெய்த்தாள் வையுங்கள்.

பசை இல்லாத வழிகள்

கரைப்பான் முறை பழையது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1958க்கும் 1960க்கும் இடையில், பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்து முதுகில் கீறிக் காகிதத்துக்கு மாற்றி ஒரு வரிசை ஓவியமே செய்தார். அந்தக் கீறல் கோடுகள் படத்தில் அப்படியே தெரியும். நாம் லேசர் பிரிண்டைப் பச்சை மரத்தில், அதாவது எதுவும் பூசாத மரத்தில் கவிழ்த்து, நகராமல் டேப் ஒட்டி, முதுகில் அசிட்டோனைப் பஞ்சால் ஒற்றி, கரண்டியின் அடிப்பகுதியால் தேய்த்தால் டோனர் இளகி மரத்தில் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும், நிறைய ஊற்றினால் படம் கலங்கிவிடும். முழுப்படமும் இறங்காது, தேய்ந்த பழைய தோற்றம்தான் வரும். ஆனால் தாள் தேய்க்கும் வேலையே இல்லை. அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

இஸ்திரிப் பெட்டியாலும் இறக்கலாம். நீராவி இல்லாமல், பருத்திக்கான சூட்டில், கவிழ்த்த லேசர் பிரிண்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் டோனர் மறுபடி உருகி மரத்தில் ஒட்டும். கோலம், கையெழுத்து போன்ற கோட்டுப் படங்களுக்குப் பரவாயில்லை. போட்டோவுக்கு எடுபடாது.

இங்க்ஜெட் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஸ்டிக்கர் லேபிள் தாளில் லேபிள்களை உரித்த பிறகு மிஞ்சும் வழவழப்பான அடித்தாளில் பிரிண்ட் எடுங்கள். அந்த வழவழப்பு மையை உறிஞ்சாது, ஈரமாகவே நிற்கும். அதை அப்படியே பச்சை மரத்தில் கவிழ்த்து, நகராமல் அழுத்தி எடுத்தால் மை மரத்துக்குப் போய்விடும். ஒரே வாய்ப்புதான், கை நடுங்கினால் படம் இரட்டையாகும். மேலே தூரிகையால் எதையும் பூச முடியாது, கலைந்துவிடும். ஸ்ப்ரே வார்னிஷ் மட்டுமே.

எந்த முறையில் செய்த படமானாலும் குளியலறைப் பக்கமும் சமையல் மேடைக்கு நேர் மேலேயும் மாட்ட வேண்டாம். கறுப்பு டோனர் வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது, இங்க்ஜெட் மை வெளுக்கும். அதனால் லேபிள் தாள் முறையில் செய்ததை நேர் வெயில் படாத சுவரில் வையுங்கள். தூசி தட்ட உலர்ந்த மெல்லிய துணி போதும். ஆயுத பூஜைக்கு வீடு கழுவும்போது மட்டும் நினைவாகக் கழற்றி வைத்துவிடுங்கள். அல்லது ஈரத்துணியோடு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.